கட்டளை வரியும் சிறப்புப் பாயிரமும்

கணிப்பொறிக்குக் கட்டளையை எழுத்தால் இட்டு வேலை வாங்கும் முறையைக் கண்டு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த ஊர்களிலிருந்து வரும் நம் மாணவர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் களையத்தக்கதே.

1989-இல் பிரையன் ஃபாக்ஸ் ஆக்கி அளித்த 'பாஷ்' என்னும் ஷெல்லில், முதலெழுத்துகளை இட்டு 'டேப்' விசையை அழுத்தினால் எஞ்சியதை அதுவே நிரப்பும். தமிழில் மட்டும் ஓர் இடர். 'கொ' என்பதன் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறியாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்று, பொறிக்கு வேறு. கோப்பின் பெயர் ஒருவகையிலும் நாம் தட்டுவது மறுவகையிலும் அமையின், நிரப்பல் நிகழாது. மாணவனோ தன் பிழையென்று எண்ணி விலகிவிடுவான். இரண்டையும் ஒருநிலைப்படுத்தி ஒப்பிடுவது கருவி செய்தோர் கடன்.

விருப்பங்களை அமைவுக் கோப்பில் ஒருமுறை எழுதிவைத்தால் நாள்தோறும் தட்டும் தொல்லை இல்லை. கட்டளையில் நேரே சொன்னது கோப்பில் உள்ளதை வெல்லும் என்பது பொது வழக்கு.

1971 நவம்பர் 3-ஆம் நாளிட்ட யூனிக்ஸ் கையேடு பெயர், வடிவம், விளக்கம் என வகுத்துரைத்ததோடு 'பிழைகள்' என்றும் ஒரு தலைப்பு வைத்தது. அந்நேர்மை வியக்கத்தக்கது! எனினும் நன்னூலார் சிறப்புப் பாயிரத்துக்குக் கூறும் எட்டனுள் ஒன்றாகிய 'கேட்போர்' என்பதை இன்றைய கையேடுகள் பலவும் மறந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் தடுமாறும் முதல் தலைமுறை மாணவனுக்குப் பத்துப் பக்க விளக்கத்தினும், இயக்கிப் பார்க்கத்தக்க ஓர் எடுத்துக்காட்டே உதவும். அதனைத் தமிழில் எழுத முன்வரும் கணிப்பொறித்துறை மாணவர்க்குச் சொல் தேர்ந்து தர எம் துறையினர் அணியமாய் உள்ளோம்.