செத்த நாகும் யாழ்ப்பாணத்துக் குளிசையும்: தெரியுமா?

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியின் இருதயக் கிளினிக்கில் தருகிற வாபரின் குளிசையைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் கட்டிபடாமல் காக்கும் சின்னஞ்சிறு குளிசை. அது முதன்முதல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது, தெரியுமா? அதன் கதை ஒரு செத்த மாட்டிலிருந்து தொடங்குகிறது என்றாவது தெரியுமா?

1933 பெப்ரவரி, அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம். எட் கார்ல்சன் என்ற விவசாயியின் மாடுகள் இரத்தப்போக்கு நிற்காமல் ஒவ்வொன்றாக விழுந்து செத்தன. அவர் என்ன செய்தார் தெரியுமா? செத்த நாகு ஒன்று, உறையாத இரத்தம் நிரம்பிய பால் கான் ஒன்று, பழுதான தீவனம் ஒரு மூட்டை, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பனிப்புயலுக்குள் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் ஓடினார்! போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை. அரசாங்க மிருக வைத்தியரின் கந்தோர் பூட்டு. திறந்து கிடந்த கதவு ஒன்றுதான்: மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்ல் போல் லிங்க் என்பவரின் ஆய்வுகூடம். பொதுப்பணத்தில் நடந்த விவசாய ஆய்வுகூடம் அது. மாட்டைக் கொன்ற பொருளைப் பழுதான தீவனத்திலிருந்து பிரித்தெடுக்க அங்கிருந்தவர்களுக்கு ஆறு வருடம் பிடித்தது. அந்தப் பொருளின் வழியில் பிறந்த வாபரின் 1948 இல் எலிகளுக்கு வைக்கப்பட்டது. 1955 இல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதே மருந்து!

இன்னொன்று தெரியுமா? வாபரின் வேலை செய்வது விற்றமின் கே யை மறித்துத்தான். அந்த விற்றமின் எதில் நிறைய இருக்கிறது? கீரையிலும் இலைவகைகளிலும்! ஒரு கிழமை முழுக்க முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலுமாகச் சாப்பிட்டுவிட்டு மறு கிழமை ஒன்றுமே தொடாமல் விட்டால், இரத்தப் பரிசோதனையில் கணக்கு ஏறி இறங்கும். கீரையை விடச் சொல்லவில்லை. நாளுக்கு நாள் அளவு மாறாமல் சாப்பிடுங்கள் என்பதுதான் வைத்தியர்களின் சொல்.

வாபரினை ஆயுள் முழுக்க விடவே முடியாதவர்கள் யார் தெரியுமா? இருதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர்கள். அதில் ஒரு வால்வு நமக்கு மிகக் கிட்ட, திருவனந்தபுரத்தில் பிறந்தது. இந்திய மத்திய அரசின் பணத்தில் இயங்கும் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில், சத்திரசிகிச்சை நிபுணர் வலியத்தானின் தலைமையில் வேலை நடந்தது. வெளிநாட்டு வால்வின் விலை ஏழை நோயாளிக்கு எட்டாது, நாமே செய்வோம் என்று இறங்கினார்கள். முதல் வடிவத்தில் ஒட்டவைத்த கம்பி முறிந்தது. தோல்வி. அடுத்து, வால்வுக்குள் திறந்து மூடும் வட்டுக்குச் செயற்கை நீலக்கல்லைப் பிடித்தார்கள். நீலக்கல்! அதன் உரசலில் உலோகம் தேய்ந்தது. தோல்வி. உலோகத்தை மாற்றி, ஒரு செம்மறியாட்டின் இருதயத்தில் வைத்தார்கள். இந்த முறை நீலக்கல்லே உடைந்தது. மூன்றாம் தோல்வி! நான்காவது வடிவத்தில் வென்றது என்ன தெரியுமா? நாம் சாமான் கட்டிக்கொண்டு வருகிற பொலித்தீனின் இனத்தைச் சேர்ந்த, ஆனால் மிக மிக உறுதியான ஒரு பிளாஸ்ரிக் வட்டு! இருதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு இலட்சம் தரம் அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் அந்த வட்டு திறந்து மூட வேண்டும். 1990 டிசம்பர் 6 ஆம் திகதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இதுவரை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதருக்கு அதைப் பொருத்தியிருக்கிறார்கள். முதல் தோல்வியோடு இலாபக் கணக்குப் பார்த்து மூடிவிடாமல் நான்காவது வடிவம் வரைக்கும் காசு கொடுத்தது ஒரு அரசாங்கம் என்பதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

வால்வு ஏன் பழுதாகிறது? நம் பக்கத்து நாடுகளில் முக்கிய காரணம், சின்ன வயதில் வந்த தொண்டை நோ! ஸ்ரெப்டொகொக்கஸ் என்ற கிருமி தொண்டைக்குள் வரும். சரியாக வைத்தியம் பார்க்காவிட்டால் வாதக் காய்ச்சலாகி வால்வைக் கெடுக்கும். அதே கிருமிக் குடும்பத்திலிருந்துதான் மாரடைப்புக்கு ஏற்றும் ஸ்ரெப்டோகைனேஸ் மருந்து வந்தது, தெரியுமா? ஒரு குடும்பம், ஒரு கையால் கெடுத்து மறு கையால் காக்கிறது!

அந்த மருந்தையும் அஸ்பிரினையும் சேர்த்துச் சோதித்த ஆய்வு 1988 இல் வெளிவந்தது. 16 நாடுகள், 417 ஆஸ்பத்திரிகள், 17,187 நோயாளிகள். மருந்துக் கம்பனியின் காசோடு பிரித்தானியாவின் மருத்துவ ஆராய்ச்சிச் சபையும் தோள் கொடுத்தது. இரண்டு மருந்தும் கிடைக்காதவர்களில் 100 க்கு 13 பேர் ஐந்து கிழமைக்குள் இறந்தார்கள். இரண்டும் கிடைத்தவர்களில் 8 பேர். ஒரு விசேஷம் கேளுங்கள்: நோயாளிகளைச் சிறுசிறு குழுக்களாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் பிழையான முடிவும் வரும் என்று காட்ட, ஆய்வாளர்கள் ராசிக் கணக்கே போட்டார்கள்! மிதுனத்துக்கும் துலாத்துக்கும் அஸ்பிரின் உதவாது என்று வந்தது. நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் அதை அச்சடித்தார்கள்.

நம் நாடே உலகத்துக்குப் பாடம் சொன்னது தெரியுமா? 2016–17 இல் இலங்கையின் 11 ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேர். மூன்று பிரஷர் மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 100 க்கு 70 பேருக்குப் பிரஷர் அடங்கியது. வழக்கமான வைத்தியத்தில் 55 பேருக்கு. காசு அவுஸ்திரேலிய அரசினுடையது.

யாழ்ப்பாணமோ? இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுநடுங்கும் ஒரு நோய் உண்டு. நாடி தாறுமாறாக ஓடும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு நாள் பாரிசவாதம் வந்து விழுத்தும். பிரித்தானிய மக்களின் வரிப்பணத்தில் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் இந்த நோய்க்கென ஓர் உலக ஆய்வைத் தொடங்கியபோது கைகோத்த நாடுகள் மூன்று: சீனா, பிரேசில், இலங்கை. இலங்கையில் எங்கே தெரியுமா? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில்! ஏ9 பாதை பூட்டிக் கிடந்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இருதய சத்திரசிகிச்சை என்றால் கொழும்புக்கோ சென்னைக்கோ ஓடிய ஊர் இது. இன்று பெரியாஸ்பத்திரியிலேயே அது நடக்கிறது.

மருத்துவம் இங்கே புதிதுமல்ல. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1867 இல் சத்திரசிகிச்சைக்கு ‘இரணவைத்தியம்’ என்று தமிழிலேயே நூல் கொண்டுவந்தது இந்த மண்ணில்தான்.

மேலே சொன்ன இருதய நடுக்க நோய் பாரிசவாத ஆபத்தை ஐந்து மடங்காக்கும் என்று சொன்ன ஊர் எது? அமெரிக்காவின் பிராமிங்காம். அங்கே ஆய்வு தொடங்கிய கதையைக் கேளுங்கள்: ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிரஷர் கூடி மூளையில் இரத்தம் கசிந்து 1945 இல் இறந்தார். 1948 இல் இருதய ஆய்வுக்கென்றே சட்டம் வந்தது, அரசாங்கம் 5 இலட்சம் டொலர் விதைப்பணம் போட்டது, அந்தச் சின்ன ஊரில் 5,209 பேர் ஆய்வுக்கு முன்வந்தார்கள். 1971 இல் பிள்ளைகள், 2002 இல் பேரப்பிள்ளைகள்! புகையும் பிரஷரும் கொலஸ்ட்ரோலும் இருதயத்துக்கு ஆகாது என்று இன்று நாம் சர்வசாதாரணமாகப் பேசுகிறோமே, அந்தப் பேச்சில் பெரும்பங்கு அவர்கள் கொடுத்த இரத்தத்திலிருந்து வந்தது. பிராமிங்காம் செய்ததைப் பருத்தித்துறையும் சாவகச்சேரியும் நெடுந்தீவும் செய்யலாம். ஆட்கள் இருக்கிறார்கள், பீடம் இருக்கிறது. கொழும்பு வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கொரு வரி எழுதி, முப்பது வருடத்துக்கு அதை அழிக்காமல் விடவேண்டும்.