குருமாரின் விதவையர் நிதி

பதினெட்டாம் நூற்றாண்டின் ஸ்கொத்லாந்தில் திருச்சபைக் குரு ஒருவர் இறந்தால், அவருடைய மனைவி மக்கள் குருமனையை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. சம்பளம் நின்றது, கூரையும் போயிற்று. எடின்பரோ நகரக் குருமாரான ரொபேட் வாலஸும் அலெக்சாண்டர் வெப்ஸ்டரும் இதற்கு வழிதேட முனைந்து, முதலில் எண்ணத் தொடங்கினர். சபைகள்தோறும் விசாரித்து, ஏறக்குறைய 930 குருமாருள் ஆண்டுக்கு 27 பேர் இறப்பர், அவர்களுள் 18 பேருக்கு மனைவியர் எஞ்சுவர் எனக் கண்டனர்.

தம் கணக்கைத் தாமே மெச்சிக்கொண்டு அவர்கள் அமையவில்லை, இதுவே கவனிக்கத்தக்கது. நிதி வரவுக்கு மிஞ்சி வாக்களித்தால், முந்திய விதவையர் பெறுவர், பிந்தியோர் ஏமாறுவர். ஆதலால் கணிதப் பேராசிரியர் கொலின் மக்லாரினிடம் அதனை ஒப்படைத்தனர். எட்மண்ட் ஹாலி 1693இல் வெளியிட்ட ஆயுள் அட்டவணையைக் கொண்டு அவர் அதைச் சோதித்தார்.

1744இல் பாராளுமன்றச் சட்டம் நிதிக்கு வலுவளித்தது. ஆண்டுதோறும் 2 பவுண் 12 சிலிங் 6 பென்ஸ் செலுத்தியவரின் விதவைக்கு ஆண்டுக்கு 10 பவுண்; 6 பவுண் 11 சிலிங் 3 பென்ஸ் செலுத்தியவரின் விதவைக்கு 25 பவுண். பெருந்தொகை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அது அவளுக்கு உரிமையாய்க் கிடைத்தது.