சாண்ட்பாக்ஸைக் காலி செய்தால் கோப்பு உண்மையிலேயே போய்விடுமா?

வீட்டுக்கு ஒரே மடிக்கணினி. பகலில் மகனின் இயங்கலை வகுப்பு, மாலையில் மகளின் எஸ்பிஎம் பயிற்சித் தாள், இரவில் அப்பாவின் வங்கிக் கணக்கு. நம் குடும்பங்கள் பலவற்றில் இதுதான் நிலவரம். அடையாள அட்டை நகலும் சேமநிதி அறிக்கையும் வீட்டுக் கடன் பத்திரமும் அதே கணினியில்தான் கிடக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டின் ‘கிராக்’ பதிப்பை எங்கிருந்தோ பதிவிறக்கி, அதே கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பான் பையன்.

விவரம் தெரிந்த பிள்ளைகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சந்தேகமான மென்பொருளை நேரடியாகத் திறக்காமல் ‘சாண்ட்பாக்ஸி’ என்ற மென்பொருளுக்குள் திறப்பார்கள். வேலை முடிந்ததும் பெட்டியைக் காலி செய்துவிட்டு, தடயமே இல்லை என்று நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். அந்த நிம்மதியில் பாதிதான் நியாயமானது.

சாண்ட்பாக்ஸ் என்றால் பிள்ளைகள் விளையாடும் மணல்தொட்டி. உள்ளே எதைக் கட்டினாலும் இடித்தாலும் வெளியே இருக்கும் வீட்டுக்குச் சேதமில்லை. 2004-இல் ரோனென் ட்ஸுர் என்பவர் வெளியிட்ட சாண்ட்பாக்ஸி, பின்னர் கைமாறி சோஃபோஸ் நிறுவனத்திடம் வந்தது. 2020-இல் அதன் மூல நிரல் பொதுவில் திறந்துவிடப்பட்டது. இப்போது ‘சாண்ட்பாக்ஸி பிளஸ்’ என்ற பெயரில் தொடர்ந்து வளர்கிறது.

பெட்டிக்குள் ஓடும் நிரல் கணினியில் உள்ள ஒரு கோப்பை மாற்ற முயன்றால் அசல் கோப்பு தொடப்படாது. அதன் நகல் ஒன்று பெட்டிக்குள் உருவாகி, மாற்றம் அந்த நகலில்தான் நடக்கும். விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ‘ரெஜிஸ்ட்ரி’க்கும் இதே ஏற்பாடுதான். எல்லாம் வழக்கம்போல் நடப்பதாகவே நிரல் நம்பிக்கொண்டிருக்கும். பெட்டியைக் காலி செய்ததும் அந்த மாற்றங்கள் ஒட்டுமொத்தமாகக் கழிந்துவிடும். நியாயமான பாதி இதுதான்.

ஆனால் அந்தப் பெட்டி ஆகாயத்தில் தொங்கவில்லை. சி டிரைவில் ‘சாண்ட்பாக்ஸ்’ என்ற கோப்புறைக்குள், பயனர் பெயருக்குக் கீழே, மற்ற கோப்புகளைப் போலவே வன்தட்டில் உட்கார்ந்திருக்கிறது. யாரும் திறந்து பார்க்கலாம்.

இது தெரியாமல் அகப்படுவோர் இரண்டு வகை. பெட்டிக்குள் திறந்த உலாவியில் பாட ஒப்படைப்பைப் பதிவிறக்கிவிட்டு, பிறகு ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் தேடி, காணோமே என்று தவிப்பவர்கள் ஒரு வகை. கோப்பு பெட்டிக்குள் இருக்கும். ‘ரிக்கவர்’ என்ற வசதியால் அதை வெளியே எடுத்துக்கொள்ளலாம். எடுக்காமல் பெட்டியைக் காலி செய்தால் ஒப்படைப்பும் சேர்ந்தே போய்விடும்.

இன்னொரு வகை, பெட்டி காலியாகவே மாட்டேன் என்கிறதே என்று திண்டாடுபவர்கள். பெரும்பாலும் காரணம் எளிது: உள்ளே ஏதோ ஒரு நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். சாளரத்தை மூடினாலும் உலாவி பின்னணியில் ஓடக்கூடும். முதலில் பெட்டியில் உள்ள எல்லா நிரல்களையும் நிறுத்தும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால், வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்தக் கோப்புகளைச் சோதித்துக்கொண்டிருக்கலாம், அல்லது பெட்டியின் ரெஜிஸ்ட்ரி கோப்பை விண்டோஸ் விடாமல் பிடித்திருக்கலாம். கணினியை மறுதொடக்கம் செய்து, வேறு எதையும் திறக்கும் முன் காலி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மென்பொருளையே நீக்கி மறுபடி நிறுவுவது கடைசிக் கட்டம். பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

சரி, பெட்டி காலியாகிவிட்டது. கோப்பு போய்விட்டதா? தோட்டத்தில் செக்ரோலில் பெயரை வெட்டிவிட்டால் ஆள் அன்றே லயத்து வீட்டைக் காலி செய்துவிடுவாரா? கணினியும் அப்படித்தான். அழி என்றால் பட்டியலில் பெயரை அடித்துவிட்டு, அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளும். புதிய தரவு வந்து அதே இடத்தில் எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும். மீட்பு மென்பொருள் உள்ளவர் எடுத்துவிடலாம். பழைய கணினியை விற்கும்போதும் பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் ஆபத்து இங்கேதான். பெட்டிக்குள் பதிவிறக்கிப் பார்த்த வங்கி அறிக்கையும் அதில் சேரும்.

சுழலும் தட்டு கொண்ட பழைய வன்தட்டு என்றால் மருந்து உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் ‘எஸ்டிலீட்’, இலவசமாகக் கிடைக்கும் ‘இரேசர்’ ஆகியவை கோப்பின் மேலேயே வேறு தரவை எழுதிவிட்டு அழிக்கும். சாண்ட்பாக்ஸியின் பழைய ‘கிளாசிக்’ வடிவத்தில், பெட்டியைக் காலி செய்ய இந்தக் கருவிகளையே பயன்படுத்தும்படி அமைத்துவிடலாம். ஏற்கெனவே சாதாரணமாக அழித்தாகிவிட்டதா? விண்டோசிலேயே உள்ள ‘சைஃபர்’ கட்டளை, வன்தட்டின் காலி இடம் முழுவதையும் மேலெழுதும். நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிடலாம்.

இப்போது கடைகளில் விற்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது எஸ்எஸ்டி. அதில் மேலெழுதும் வித்தையை நம்ப முடியாது. சில்லுகள் சீராகத் தேயவேண்டும் என்பதற்காக, அதே இடத்தில் எழுதச் சொன்னாலும் எஸ்எஸ்டி வேறு இடத்தில் எழுதிவிடும். பழைய தரவு எந்த மூலையில் கிடக்கிறது என்பது விண்டோசுக்கே தெரியாது. ‘டிரிம்’ என்ற ஏற்பாடு அழித்த இடங்களைப் பின்னர் துடைக்கச் செய்யும் என்றாலும், எப்போது துடைக்கும் என்பது நம் கையில் இல்லை.

ஆகவே எஸ்எஸ்டிக்கு அழிப்பதைவிட முன்கூட்டியே பூட்டுவதுதான் வழி. விண்டோஸ் புரோவில் உள்ள ‘பிட்லாக்கர்’ வட்டு முழுவதையும் மறைக்குறியாக்கிவிடும். எஞ்சிக் கிடக்கும் துணுக்குகள் திறவுகோல் இல்லாதவருக்கு வெறும் குப்பை. மீட்புத் திறவுகோலை மட்டும் தாளில் எழுதி, பிறப்புப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். கணினி அதைக் கேட்கும்போது அது கிடைக்காவிட்டால் உரிமையாளரும் உள்ளே போக முடியாது. கணினியை விற்பதாக இருந்தால், விண்டோசின் ‘ரீசெட்’ வசதியில் எல்லாவற்றையும் நீக்குவதோடு, தரவையும் துடைக்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வு அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும், தேடித்தான் எடுக்க வேண்டும்.

புரோ பதிப்பு உள்ளவர்களுக்கு 2019 முதல் ‘விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்’ என்ற வசதியும் உண்டு. கணினிக்குள் ஒரு தற்காலிகக் கணினி போல அது திறக்கும், சாளரத்தை மூடியதும் உள்ளிருப்பதை எல்லாம் கழித்துவிடும். நாமாகப் பகிர்ந்தால் ஒழிய வெளியே உள்ள கோப்புகள் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஹோம் பதிப்பில் இந்த வசதி கிடையாது.

சாண்ட்பாக்ஸி அப்படியல்ல. வழக்கமான அமைப்பில் அது எழுதுவதைத்தான் தடுக்கிறது, படிப்பதை அல்ல. பெட்டிக்குள் ஓடும் ‘கிராக்’ விளையாட்டு, வெளியே இருக்கும் அப்பாவின் சேமநிதி அறிக்கையைப் படித்து இணையம் வழியே அனுப்ப முடியும். முக்கியக் கோப்புறைகளைப் பெட்டியின் அமைப்பில் தடைப் பட்டியலில் சேர்ப்பதும், பெட்டிக்கு இணைய அனுமதியை நிறுத்துவதும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலைகள். ஒருமுறை வெளியே போன நகலை எந்த அழிப்புக் கருவியாலும் துரத்திப் பிடிக்க முடியாது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் பெட்டியைக் கிண்டிக்கொண்டிருக்காமல், உடனே வங்கியையோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும்.