ஒருவர் தரும் உமிழ்நீர், உறவினர் அனைவரின் தகவல்

2023 அக்டோபரில், அமெரிக்காவின் ட்வென்டிதிரீ அண்ட் மீ நிறுவனத்திலிருந்து களவாடப்பட்ட தரவுகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. திருடியவர்கள் முதலில் வெளியிட்டது யூத வம்சாவளியினரின் பட்டியலை. அடுத்துச் சீன வம்சாவளியினரின் பட்டியலை. பிறப்பைக் கொண்டு மனிதரைப் பட்டியலிடுவதன் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

உமிழ்நீரைக் குப்பியில் அடைத்து அஞ்சலில் அனுப்பினால், மூதாதையர் வழியையும் சில நோய்களுக்கான வாய்ப்பையும் அந்நிறுவனம் கணித்துத் தரும். திருடர்கள் கடவுச்சொல்லிட்டு நேரடியாக நுழைந்த கணக்குகள் சுமார் 14,000 மட்டுமே. ஆயினும், மரபணு உறவினரைக் காட்டும் வசதியின் வழியாகச் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. மரபணு தனியொருவரின் உடைமையன்று. சோதனையே செய்துகொள்ளாத உடன்பிறந்தாரின் மரபணுவில் ஏறத்தாழப் பாதியும் அந்தக் குப்பிக்குள் இருக்கிறது. அவரிடம் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை.

ஆராய்ச்சிப் பயனை நாம் மறுக்கவில்லை. வாடிக்கையாளருள் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் தம் தரவை ஆய்வுக்குத் தர இசைந்தனர். பார்க்கின்சன் நோயின் மரபணுக் காரணிகளைக் கண்டறிய அது உதவியது. ஆனால் 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு அளித்தபோது, சுமார் ஒன்றரைக் கோடி பேரின் தரவு ஏலத்துக்குரிய சொத்தாயிற்று. ஆய்வுக்குத் தந்த இசைவு ஏலத்துக்கும் பொருந்துமா?

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்பு மசோதா, மரபணுத் தரவையும் சாதித் தகவலையும் கூடுதல் காப்புக்குரியவையாக ஒரே பட்டியலில் வைத்திருந்தது. நிறைவேறிய 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. சாதிக்கும் மரபணுவுக்கும் அங்கே கைப்பேசி எண்ணுக்கு உள்ள பாதுகாப்புதான்.