கோரைப்பல் மான்கள்

மான் என்றதும் கிளைவிட்ட கொம்புதான் நம் நினைவுக்கு வரும். கொம்பே இல்லாமல், வாய்க்கு வெளியே இரண்டு கோரைப்பற்கள் நீண்டு தொங்கும் மான்களும் உண்டு என்றால் நம்புவீர்களா?

முதலில் சாதாரண மானின் வாயைப் பார்ப்போம். மாட்டைப் போலவே அதற்கும் மேல்தாடையின் முன்புறத்தில் வெட்டுப்பற்கள் கிடையா. கெட்டியான ஈறுதான் உண்டு. கீழ்த்தாடையின் முன்னால் எட்டுப் பற்கள். அவற்றுள் ஓரத்திலுள்ள இரண்டும் உண்மையில் கோரைப்பற்கள். வெட்டுப்பல் வேடம் போட்டு நிற்கின்றன. மேல்தாடைக் கோரைப்பல்லோ பல பெரிய மான்களில் குன்றிவிட்டது, அல்லது மறைந்தே போயிற்று.

சீனாவிலும் கொரியாவிலும் ஆற்றோர நாணல்களில் வாழும் நீர்மானில் கதை வேறு. எடை பத்துப் பதினைந்து கிலோதான். 1870-இல் ஸ்வின்ஹோ இதற்கு இட்ட பெயரில் 'இனெர்மிஸ்' என்றொரு சொல் வருகிறது. ஆயுதமற்றது என்று பொருள்! கொம்பு இல்லை என்பதால் வைத்த பெயர். ஆனால் ஆண் மானின் கோரைப்பல் ஐந்து செ.மீ.க்கு மேல் நீளும். சிலவற்றில் எட்டு செ.மீ.கூட உண்டு. பெண்ணுக்கு அரை செ.மீ. அளவுதான்.

இவ்வளவு நீளப் பல்லோடு எப்படி மேய்வது? இங்கேதான் இயற்பியல் ஆசிரியனான எனக்கு வியப்பு. அந்தப் பல் எலும்புக்குழியில் இறுகப் பதிந்திருப்பதில்லை. கீல் வைத்த கதவுபோல் சற்றே அசையும். மேயும்போது பின்னால் சாய்ந்து ஒதுங்கும். சண்டையில் முகத்தசைகள் அதை முன்னுக்கு இழுத்து நிறுத்தும். முனையின் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர் என்றும், அதன்மேல் பத்து கிலோ எடைக்குச் சமமான விசை விழுகிறது என்றும் கொள்வோம். அழுத்தம் ஏறத்தாழ ஆயிரம் வளிமண்டலங்கள்! போட்டியிடும் ஆண்கள் அருகருகே விறைப்பாக நடந்து, பிறகு ஒன்றன் கழுத்தையும் தோளையும் மற்றொன்று மேலிருந்து கீழாகக் கீறும். காது கிழிந்த கிழ மான்கள் சாதாரணம்.

கொம்பு தோன்றுவதற்கு முந்திய பழைய மானின் மிச்சமே இது என்று நெடுநாள் எண்ணினார்கள். மரபணு ஆய்வு அதை மாற்றிவிட்டது. நீர்மானுக்கு மிக நெருங்கிய உறவு கொம்புள்ள ரோ மான்தான். ஆகவே நீர்மானின் முன்னோர்கள் கொம்பைப் பெற்றிருந்து பிறகு இழந்தன என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் காடுகளில் உள்ள கேளையாட்டுக்குக் குட்டையான கொம்பும் உண்டு, கோரைப்பல்லும் உண்டு. கொம்பால் முட்டி எதிரியைத் தடுமாற வைத்துப் பல்லால் கிழிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சருகுமான் மூன்று கிலோ அளவுள்ள சிற்றுயிர். பெயரில் மான் இருந்தாலும் வேறு குடும்பம். அதன் ஆணுக்கும் கோரைப்பல் உண்டு, கொம்பு இல்லை.

இமயத்தின் கஸ்தூரி மானும் இன்னொரு தனிக் குடும்பம்தான். பல்லின் அழகால் அல்ல, வயிற்றடியில் உள்ள பையால் அதற்கு ஆபத்து வந்தது. ஒரு பையில் சுமார் 25 கிராம் கஸ்தூரி. அதுவும் ஆணிடம் மட்டும். ஆனால் திருட்டு வேட்டைக்காரன் வைக்கும் சுருக்குக் கண்ணியில் பெண்ணும் குட்டியும் சேர்ந்தே மாட்டுகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது.