மலைக் கீரையும் காட்டுக் கிழங்கும்

சேலத்துக்கு வடகிழக்கே உள்ள சேர்வராயன் மலையை ஏற்காட்டுக் காப்பியைக் கொண்டே பலர் அறிவர். 1820ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை அங்கே காப்பியைப் புகுத்தினார். அதற்கு முன்பிருந்தே அம்மலையில் வாழ்ந்துவரும் பழங்குடியினர் மலையாளிகள். பெயரைக் கொண்டு அவர்களைக் கேரளத்தார் என எண்ணலாகாது; அவர்கள் மலையை ஆளும் தமிழ்க் குடிகள். சாமையும் கேழ்வரகும் தினையும் அவர்களுடைய பழைய பயிர்கள். இவற்றோடு, விதைக்காமலே கிடைத்த இன்னொரு விளைச்சலும் உண்டு. அதுவே கீரையும் கிழங்கும்.

மழை பெய்து புன்செய்ப் பயிர் முளைக்கையில், பண்ணைக் கீரை, தொய்யக் கீரை, குப்பைக் கீரை முதலியனவும் கூடவே எழும். பயிருக்கு இவை களைகளே. ஆயினும் களையெடுக்கும் பெண்கள் இளந்தளிரை மடியில் சேர்த்துக்கொண்டு, மற்றதையே வரப்பில் எறிவர். தானியம் விளைந்து வீடு வருமுன், குதிர் ஒழிந்திருக்கும் நாட்களில், இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்த இக்கீரைகள் குடும்பத்தைத் தாங்கும். எனவே இவை இயற்கையின் கொடை மட்டும் அல்ல; ஒரு சாகுபடி முறையின் பயனும் ஆகும். புன்செய் நிலம் தோட்டமாகி மரநிழல் கவிந்தால், வெயிலை நாடும் இக்கீரைகள் குறைந்துபோம். களைக்கொல்லி தெளித்த நிலத்துக் கீரையையோ உண்ணவே கூடாது.

கிழங்கின் செய்தி வேறு. காட்டு வள்ளிக் கொடி மழைக்காலத்தில் மரத்தின்மேல் படர்ந்து, தான் ஆக்கிய மாவுச் சத்தை மண்ணுக்குள் சேமிக்கிறது. இலை பழுத்துக் கொடி காய்ந்த பின்னரே கிழங்கு முற்றும். அடுத்த மழைக்குப் புதுக் கொடி கிளம்புவது கிழங்கின் தலைப்பகுதியிலிருந்து. ஆதலால் உண்ணும் பகுதியை அறுத்துக்கொண்டு, தலையைக் குழியிலிட்டு மண் மூடுவதே முறை. பழைய பாவின் நுனியை அச்சிலும் விழுதிலும் விட்டுவைத்து, புதுப் பாவை அதனோடு பிணைக்கும் நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. காட்டு வள்ளியில் நஞ்சுள்ள வகைகளும் உண்டு. பழகியறிந்த முதியோர் காட்டாமல் எவரும் தோண்டி உண்ணலாகாது.

இதில் கூட்டுறவுக்கு என்ன வேலை? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வழிவழியாகச் சேகரித்துவந்த சிறு வன விளைபொருள்களின் மீது பழங்குடியினருக்கு உரிமை அளித்துள்ளது. கிழங்கும் வேரும் அவற்றில் அடங்கும். காட்டையும் அதன் உயிர்வளத்தையும் காக்கும் அதிகாரம் கிராம சபைக்கு உண்டு. 1971இல் அமைந்த பாவா குழுவின் பரிந்துரையால் தோன்றிய பெரும்பலநோக்குப் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு, வன விளைபொருளை வாங்கி விற்பது முக்கியப் பணிகளுள் ஒன்று.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. சங்கம் கிழங்குக்கு விலை வைத்தால், முற்றாததும் தோண்டப்படும். எடை கூடட்டும் என்று தலையும் தராசில் ஏறும். சில ஆண்டுகளில் காட்டில் கொடியும் இராது, வீட்டில் கிழங்கும் இராது; இடைத்தரகரை விலக்கிய சங்கமே அக்கேட்டுக்குக் காரணமாகும். ஆகவே கொள்முதல் தொடங்குமுன் நிர்வாகக் குழு மூன்று விதிகளை எழுதிவைத்தல் வேண்டும். தலையோடு வரும் கிழங்கை வாங்கலாகாது. கொடி காயுமுன் கொள்முதல் கூடாது. எந்த இடத்தில் இவ்வாண்டு தோண்டலாம் என்பதைக் கிராம சபையே தீர்மானிக்க வேண்டும்.

கீரையைப் பொறுத்தவரை வீட்டுத் தேவையே முதன்மை. மிஞ்சியது சந்தைக்குப் போகட்டும். வேரோடு பிடுங்காமல் தளிரைக் கிள்ளி, நிலத்துக்குச் சில செடிகளை விதைக்கு விடுதல் நன்று. புன்செய் முழுவதையும் காப்பிக்கும் மிளகுக்கும் ஒப்படைத்துவிடாமல், சாமைக்கென ஓர் ஓரத்தை ஒதுக்கும் அங்கத்தினர், தானியத்தோடு கீரையையும் காத்தவராவார். முதலைத் தொடாமல் வட்டியை உண்பது சிக்கனத்தின் முதற்பாடம். காட்டிலும் நமக்கு அதே பாடந்தான்.