இந்த அலை யாருடையது?

மாணவர்களே, உங்கள் வீட்டுக் கைப்பேசியில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். நேற்று வரை இல்லாத ஒரு பெயர் இன்று தென்படுகிறது; கடவுச்சொல்லும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாரோ பூட்ட மறந்த கதவா? அல்லது ஏமாற்றுவதற்கென விரித்த வலையா? அதனுடன் இணையாமலேயே ஓரளவு துப்பறியலாம். எவ்வாறு?

வைஃபை கருவி, கலங்கரை விளக்கம் போன்றது. விநாடிக்கு ஏறத்தாழ 10 முறை, 'இங்கே இருக்கிறேன்' என்று வானொலி அலைகளால் அறிவிக்கிறது. அந்த அறிவிப்பில் கருவியின் பெயரும், 48 பிட் நீளமுள்ள முகவரியும் இருக்கும். பெயரை யாரும் விருப்பம்போல் சூட்டலாம். எனவே அதை நம்ப இயலாது. முகவரியின் முதற்பாதியோ, பெரும்பாலும் கருவியைத் தயாரித்த நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்கும். வைஃபை ஆய்வுச் செயலிகளில் இதைப் பார்க்கலாம். அச்சுப்பொறி நிறுவனம் என்று தெரிந்தால், உங்கள் வீட்டையே முதலில் சோதியுங்கள்! சில அச்சுப்பொறிகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் தாமே இத்தகைய அலைகளைப் பரப்புகின்றன. ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பெயர் மறைந்தால் புதிர் விடுபட்டது.

மறையவில்லையா? அலையின் வலிமையை அளவிடுங்கள். செயலி −40, −70 என எண்களைக் காட்டும். எண் 10 குறைந்தால், அதாவது −40 என்பது −50 ஆனால், நம்மை அடையும் திறன் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். 2.4 கிகாஹெர்ட்சு அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று கூட்டவும் குறைக்கவும் செய்வதால், சில செ.மீ. நகர்ந்தாலே எண் மாறும். ஆகவே பல இடங்களில் அளந்து சராசரி காணுங்கள்.

திசையறிய ஓர் எளிய சோதனை: கைப்பேசியை மார்போடு அணைத்து மெதுவாகச் சுற்றுங்கள். நம் உடலிலுள்ள நீர் இவ்வலைகளை உறிஞ்சும். எனவே வலிமை மிகவும் குறையும்போது, கருவி பெரும்பாலும் உங்கள் முதுகுப்புறத்தில் இருக்கும்.

இவை யாவும் கருவி இருக்கும் இடத்தையே சுட்டும். உரிமையாளர் யாரென்று அலை சொல்லாது. ஆகையால் எவர்மீதும் பழி சுமத்தாதீர்கள். அவ்வலையுடன் இணையவும் வேண்டாம். பெற்றோருடன் சென்று கேட்டுப் பாருங்கள். உரியவர் கிடைத்தால், கடவுச்சொல் இடச் சொல்லுங்கள். அவருடைய இணைப்பின் வழியே வேறொருவர் குற்றம் புரிந்தால், விசாரணை முதலில் அவர் வீட்டு வாசலுக்குத்தானே வரும்!